ஓரத்தில் எழுதிய தேதி

ஓசூர் லாரி புக்கிங் ஆபீஸில் இருபது வருஷமாக ரைட்டராகப் பேனா பிடித்த தீர்த்தகிரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எதை எழுதினாலும் அடியில் இனிஷியலும் தேதியும் போட்டுவிடுவார். பார்சல் ரசீதுக்குப் போடுவது சரி, அது வேலை. மனைவி மங்கம்மா, கடைச் சாமான் எழுதித் தரச் சொன்னால், துவரம்பருப்புக்கும் மிளகாய்க்கும் கீழே "தீ.கி." என்று எழுதித் தேதி போடுவார். ஊறுகாய் ஜாடியில் ஒட்டிய சீட்டிலும் அது இருக்கும். மகள் பிறந்தபோது நேரம் குறித்த காகிதத்தில்கூட இனிஷியலைப் பார்த்துவிட்டு, "குழந்தைய லாரியில இருந்தா எறக்கினாங்க, கையெழுத்து போட்டு வாங்கறதுக்கு?" என்று மங்கம்மா கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சீட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது.

நாகரசம்பட்டிக்காரர். அண்ணன் தம்பி நால்வரில் மாந்தோப்புப் பக்கம் போகாமல் படிப்புப் பக்கம் வந்தவர் அவர் ஒருவர்தான். பத்தாவது வரை இங்கிலீஷ் படித்தார், அதை வைத்து வேலைக்கு வந்தார், வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பற்றி ஓசூரில் யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஒரு மூட்டை புளி குறைந்ததில்லை, ஒரு ரசீது தொலைந்ததில்லை. நல்ல மனுஷர் என்று பெயர் வாங்குவதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே ஒரு தடவை கெட்டது செய்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தீர்த்தகிரி அப்படி ஒன்று செய்தார். கத்தியில்லை, திருட்டில்லை. ஒருவன் ஒரு கேள்வி கேட்டான், இவர் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

கேட்டவன் ஆஞ்சப்பன். புக்கிங் ஆபீஸை ஒட்டியிருந்த லாரிப் பட்டறையில் ஃபிட்டர். உத்தனப்பள்ளியில் கூலி வேலை செய்த குடும்பம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்தவன், சொல்லிக் கொடுப்பார் இல்லாமலேயே எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். சதுரங்கத்தையும் அப்படித்தான் கற்றுக்கொண்டான். எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் ஒவ்வொரு லாரியாகத் தார்ப்பாயை அவிழ்த்துப் பாட்டில் தேடும். அதனால் பெங்களூர் லாரிகள் வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. காத்திருக்கிற டிரைவர்கள் ஆபீஸ் பின்பக்கம் டீத்தூள் வந்த ஒரு டீப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் கட்டம் வரைந்து ஆடுவார்கள். ஆஞ்சப்பன் பின்னால் நின்று பார்த்தான். ஒரு வருஷம் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு அவனை எழுப்ப யாராலும் முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் புக்கிங் கிடையாது. அந்த நேரத்தில் தீர்த்தகிரியும் ஆஞ்சப்பனும் ஆடுவார்கள். பத்து ஆட்டத்தில் ஒன்பது ஆஞ்சப்பன் ஜெயிப்பான், பத்தாவதில் தீர்த்தகிரி தோற்காமல் தப்புவார். டிரைவர் நாராயணப்பன் பக்கத்தில் நின்றுகொண்டு, "ரைட்டர் சார் இன்னைக்கு நாலு மணி வரைக்கும் தாக்குப் புடிச்சாரு" என்று ஊருக்கெல்லாம் சொல்லுவார். தீர்த்தகிரி கூடவே சிரிப்பார். உள்ளே எரியும். தோற்றதுகூட அவருக்குப் பெரிதில்லை. இங்கிலீஷ் படித்த தன்னை, நகக் கண்ணில் கிரீஸ் போகாத ஒரு விரல் இரண்டு கட்டம் நகர்ந்து முடித்துவிடுகிறது என்பதுதான் பெரிதாக இருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே ரொம்ப நாள் கழித்துத்தான் சொல்லிக்கொண்டார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஒரு பார்சல் வந்தது. வாங்க யாரும் வரவில்லை. ஆறு மாதம் மூலையில் கிடந்து, கம்பெனி வழக்கப்படி பிரித்தபோது உள்ளே கரையான் தின்ற பழைய புத்தகங்கள். எல்லாவற்றையும் அடுப்புக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் சதுரங்கக் கட்டம் அச்சடித்திருந்தது. தீர்த்தகிரி கேட்டு வாங்கிக்கொண்டார். மேல் அட்டை இல்லை, முதல் தாள் இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. இரண்டாவது தாளில் லண்டன் என்றும் 1891 என்றும் இருந்தது.

அறுபது வருஷத்துப் பழைய புத்தகம். அவர் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். வெள்ளைக்காரன் எழுதிய குறியெழுத்தைப் புரிந்துகொள்ளவே மூன்று மாதம் ஆயிற்று. ஒரு பாடம் புரிந்துவிட்டால், அதன் சாரத்தைப் பக்க ஓரத்தில் தமிழில் எழுதுவார். "நடுக்கட்டத்தை விடாதே." "மூலைக் குதிரைக்கு இரண்டே வழி, நடுக் குதிரைக்கு எட்டு." "மந்திரியை அவசரப்பட்டு வெளியே அனுப்பாதே, துரத்துவார்கள்." "ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை வீணாக அசைக்காதே." அடியில் தீ.கி., தேதி. நாலு வருஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று குறிப்பு.

நம்மூர் ஆட்டத்துக்கும் புத்தகத்து ஆட்டத்துக்கும் வித்தியாசம் இருந்தது. நம்மூரில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். புத்தகத்தில் இரண்டு போகலாம். இன்னொரு வித்தியாசம் கடைசியில் வரும். எதிராளியின் ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை என்று ஆகிவிட்டால், ஓசூரில் அவன் "வழி விடு" என்பான். ஜெயிக்கிறவன் தன் காயைத் திரும்ப எடுத்து வேறு இடத்தில் வைத்து அவனுக்கு ஒரு கட்டம் திறந்துவிட வேண்டும். ஆட்டம் மேலே நடக்கும். புத்தகத்தில் அப்படியில்லை. நகர வழியில்லை என்றால் அங்கேயே ஆட்டம் முடிந்தது, இருவரும் சமம். தீர்த்தகிரி இதைப் படித்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. அந்தப் பக்கத்து ஓரத்தில் மற்றதைவிட நீளமாக எழுதினார்.

மற்ற பாடமெல்லாம் நம்மூர் ஆட்டத்துக்கும் பொருந்தியது. ஐம்பத்து நாலிலிருந்து தீர்த்தகிரி ஜெயிக்க ஆரம்பித்தார். முதலில் பத்துக்கு மூன்று, அப்புறம் பத்துக்கு ஆறு. நாராயணப்பன் வாயடைத்துப் போனார். ஆஞ்சப்பனுக்குப் பொறாமையே இல்லை. தோற்றதும் காய்களைத் திரும்ப அடுக்கி, எந்த இடத்தில் தப்புச் செய்தேன் என்று கேட்பான். எப்படி சார் இப்படித் தேறினீர்கள் என்று கேட்டபோது, யோசித்தால் வந்துவிடுகிறது என்றார் தீர்த்தகிரி. புத்தகம் வீட்டில் துணிப் பெட்டியில் மடித்த வேட்டிக்குக் கீழே இருந்தது. பூசைப் பெட்டியைக்கூட அவர் அப்படிப் பாதுகாத்ததில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் தசராவுக்கு அப்புறம் நாராயணப்பன் பெங்களூரிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். அங்கே ஒரு கம்பெனியில் ஃபுட்பால் நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுக்கிறார்கள் அல்லவா, இப்போது வந்திருக்கிற மேனேஜருக்குச் சதுரங்கப் பித்தாம். வேலை தெரிந்த ஃபிட்டர், வயது முப்பதுக்குள், கம்பெனி ஆட்களோடு மூன்று ஆட்டம் ஆடி இரண்டு ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் வேலை, வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆஞ்சப்பனுக்கு அப்போது இருபத்தொன்பது. மனைவி சென்னம்மா, இரண்டு பெண் குழந்தைகள், பட்டறைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரே அறை. அவன் அந்தச் சேதியை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

ஆட்டம் வெள்ளைக்கார முறையில். சிப்பாய் இரண்டு கட்டம் போவதையும், ராஜாவும் யானையும் இடம் மாறி நிற்பதையும் பெங்களூரில் ஆடிப் பழகிய ஒரு டிரைவர் சொல்லிக் கொடுத்துவிட்டார். அந்த வாரம் ஆஞ்சப்பன் மங்கம்மாவின் ஸ்டவ்வைச் சரிசெய்து கொடுக்க வீட்டுக்குப் போனான். தீர்த்தகிரி ஆபீஸில் இருந்தார். சதுரங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும், அவர் தினமும் காலையில் அந்தப் புத்தகத்தோடுதானே குடித்தனம் பண்ணுகிறார் என்று மங்கம்மா வெள்ளை மனதாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் இருபத்தேழு, ஆஞ்சப்பன் காய் அடுக்கவில்லை. டீப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரைட்டர் சார், உங்க ஊட்ல சதுரங்கத்துக்கு ஒரு இங்கிலீசு புத்தகம் இருக்குதாமே."

"இருக்குது. பழசு. அறுபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தினது."

"அத இப்ப படிச்சா பிரயோசனம் இருக்குங்களா?"

தீர்த்தகிரிக்கு அந்த நிமிஷம் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. சொல்வதற்கு எல்லாமே இருந்தது. சாயங்காலம் வா, நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவர் மனதில் வந்தது வேறு. தனக்கு நாலு வருஷம் பிடித்ததை இவன் நாலு நாளில் வாங்கிக்கொள்வான். வாங்கிக்கொண்டு பெங்களூர் போவான். நாளைக்கு நாராயணப்பன் ஊரெல்லாம் இவன் பெயரைச் சொல்லுவார். தன்னிடம் இருக்கிற ஒரே ஒரு பொருளையும் கொடுத்துவிட்டுத் தான் பழையபடி பத்துக்கு ஒன்பது தோற்றவனாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இருக்காது ஆஞ்சப்பா. அந்தக் காலத்து ஆட்டம். இப்ப எவனும் அப்டி ஆடறதில்ல. உனக்கு தானா ஓடற கை. புத்தகத்த பாத்தா அது நின்னுடும். அதுவும் பூரா இங்கிலீசு, உனக்கு என்னா புரியும்?"

"நீங்க சொன்னா சரிங்க சார்" என்றான் ஆஞ்சப்பன். நிஜமாகவே நிம்மதியானவனைப் போலக் காய்களை அடுக்க ஆரம்பித்தான்.

சொன்ன ஒவ்வொரு வாக்கியத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதுதான் இதில் மோசம். புத்தகம் பழசுதான். ஆட்டம் மாறியிருக்கும்தான். புத்தகத்தைப் பார்த்துக் கை தடுமாறுகிறவர்கள் உண்டுதான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் தீர்த்தகிரிக்கே நாக்கு எழுந்திருக்காது. பாதி உண்மையாக இருந்ததால் நன்றாகப் பேச வந்தது. அன்றைக்கு அவர் ஆட்டத்திலும் ஜெயித்தார்.

நவம்பர் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சப்பன் நாராயணப்பன் லாரியில் பெங்களூர் போனான். மைசூர் ராஜ்யம் புதிதாகப் பெரிதாகியிருந்த சமயம். ஓசூர் எந்தப் பக்கம் என்று இங்கே ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னம்மாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் முன்கூட்டியே கோழிகளைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். பெரிய பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னடம் வருமா என்று மட்டும் தீர்த்தகிரியிடம் வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் ஆஞ்சப்பன் பட்டறைக்குப் போகாமல் நேரே புக்கிங் ஆபீஸ் கவுன்ட்டருக்கு வந்தான். நடந்ததைச் சொன்னான். முதல் ஆட்டம் ஜெயித்துவிட்டான். இரண்டாவது தோற்றான். மூன்றாவதில் எதிராளியை அடித்துக் கொண்டுபோய், அவனிடம் ராஜா ஒன்றைத் தவிர எதுவும் இல்லாமல் செய்துவிட்டான். இவனிடம் ராஜாவும் மந்திரியும். மேனேஜரே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டறையில் எத்தனை வருஷம் என்று கன்னடத்தில் விசாரித்தாராம். ராஜாவை மூலைக்குத் தள்ளினான். மந்திரியைக் கொண்டுபோய் வைத்தான். செக் இல்லை, எதிராளிக்கு நகர இடமும் இல்லை. சரி, "வழி விடு" என்பான், ஒரு கட்டம் திறந்துவிட்டு அடுத்த நகர்வில் முடித்துவிடலாம் என்று இவன் கையை நீட்டித் தயாராக இருந்தான். எதிராளி எழுந்து நின்று கை குலுக்கினான். அவன் தோல்வியை ஒத்துக்கொள்கிறான் என்று நினைத்து இவனும் சிரித்துக்கொண்டே குலுக்கினான். அப்புறம் மேனேஜர் சொன்னார், ஆட்டம் சமம் என்று. இரண்டு வெற்றி இல்லை. மேனேஜருக்கே வருத்தமாம். விதி விதிதான் என்றாராம். வேலை கோலாரிலிருந்து வந்த ஒருவனுக்குப் போயிற்று.

சொல்லி முடித்துவிட்டு ஆஞ்சப்பன் கவுன்ட்டர் பலகையை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"உங்களுக்கே தெரியாத சட்டம், எனக்கு எங்க சார் தெரியப் போவுது."

தீர்த்தகிரி இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கவுன்ட்டருக்கு முன்னால் மூட்டையோடு நாலு பேர் நின்றார்கள்.

"எனக்கும் தெரியாது ஆஞ்சப்பா" என்றார்.

முதல் பொய்யைப் பொறாமை சொன்னது. இரண்டாவதைப் பயம் சொன்னது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். ஓரத்தில் அவர் கையெழுத்து: "மூலை ராஜாவுக்கு மந்திரியைக் குதிரைத் தாவல் தூரத்தில் வைக்காதே. நம்மூரில் வழி விடு என்பான். இங்கே ஆட்டம் சமம். ஜெயித்தது கையை விட்டுப் போகும்." ஆஞ்சப்பன் மந்திரியை வைத்ததும் அதே தூரத்தில்தான். கட்டத்தில் அச்சடித்திருந்த காய்கள் அவன் சொன்ன அதே இடத்தில் நின்றன. மங்கம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போய் ஆடை கட்டியது.

சென்னம்மா கோழிகளைத் திரும்பக் கேட்கவில்லை. கொடுத்ததைக் கேட்பது எப்படி என்று இருந்துவிட்டாள். ஒருநாள் உத்தனப்பள்ளிக்கு ஒரு கூடை அனுப்ப வந்தவள், அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் தன் வீட்டுக்காரர் ஜெயித்திருப்பாரா என்று சாதாரணமாகக் கேட்டாள். தீர்த்தகிரி கூடையை நிறுப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டு, அதெல்லாம் தலையெழுத்து என்றார். ரசீதில் எடையைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினார். இருபது வருஷத்தில் அவர் அடித்துத் திருத்திய ரசீதுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சனிக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக ஆயிற்று. ஆஞ்சப்பன் வந்து எதிரில் உட்காருவான், மரியாதையாகப் பேசுவான். எப்போதாவது ஆட்டம் அந்தக் கட்டத்துக்கு வந்து "வழி விடு" என்று சொல்ல வேண்டியபோது, ஆஞ்சப்பன் பெங்களூரை நினைப்பான். தீர்த்தகிரி துணிப் பெட்டியை நினைப்பார். இப்போது அவர் வேண்டுமென்றே தோற்றுப் பார்த்தார். ஆஞ்சப்பன் கண்டுபிடித்துவிட்டு, "என்னா சார், ஒடம்பு சரியில்லீங்களா" என்று கேட்டான்.

ஐம்பத்தெட்டு கார்த்திகையில் நாராயணப்பன் மறுபடியும் வந்து சொன்னார், அதே கம்பெனியில் அதே மாதிரி ஆள் எடுக்கிறார்களாம் என்று. தீர்த்தகிரி எழுந்தே நின்றுவிட்டார். ஆஞ்சப்பனை அனுப்பு, நான் கூடவே வருகிறேன், லீவு போடுகிறேன் என்றார். அவர் இப்படி ஆவேசப்பட்டு நாராயணப்பன் பார்த்ததில்லை. ஆஞ்சப்பன் பட்டறையிலிருந்து வந்து கேட்டுக்கொண்டான். தனக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டதே என்றான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. டயர் தேய்ந்துவிட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனான்.

அந்த வாரம்தான் தீர்த்தகிரி புத்தகத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். மனசு அரித்தது என்பது ஒன்று. அவன் கையில் அது இருந்தால் தனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும் என்பது இன்னொன்று. ஆனால் மனுஷரைப் பாருங்கள், அப்போதும் முழுசாகக் கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தார். கிழித்த தழும்பு தெரியும். அப்புறம் ஒரு வழி தோன்றியது. நீ தோற்று வந்த பிறகுதான் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தேன், அப்போதுதான் இதை எழுதினேன் என்று சொல்லிவிட்டால் போயிற்று. மூன்றாவது பொய். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை புத்தகத்தைப் பழைய நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஓரத்தில் தமிழில் இருக்கிறது, படித்துக்கொள் என்றார். ஆஞ்சப்பன் கையைக் கால்சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினான். தமிழா என்று கேட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த சனிக்கிழமை வந்தான். புத்தகத்தைப் பெட்டிமேல் விரித்து அந்தப் பக்கத்தை எடுத்து வைத்தான். அதில் இருந்தபடியே மூலையில் ராஜாவையும் குதிரைத் தாவல் தூரத்தில் மந்திரியையும் வைத்தான்.

"இத எப்ப எழுதினீங்க சார்?"

தீர்த்தகிரி தயாராக இருந்தார். "நீ தோத்துட்டு வந்தப்பறம். தேடிப் பாத்தேன். அப்பதான் ஆப்டுச்சு."

ஆஞ்சப்பன் குறிப்பின் அடியில் விரலை வைத்தான். ஐந்தாவது வரை படித்தவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்தான்.

"தீ.கி. பதினாலு, மூணு, அம்பத்திமூணு."

தன் மூக்கு எப்போதும் தன் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, யாரும் அதைப் பார்ப்பதில்லை. தீர்த்தகிரி அந்தப் பக்கத்தை இரண்டு வருஷத்தில் நூறு தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பார். அந்தத் தேதியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இருபது வருஷமாகக் கை போட்ட தேதி. பார்சலுக்குப் போட்டதுபோல, ஊறுகாய்க்குப் போட்டதுபோல இதற்கும் போட்டிருக்கிறது.  வெளியே ஏதோ லாரி ஹார்ன் அடித்தது, யாரோ கூலியைக் கூப்பிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வயதில் சின்னவன், பட்டறைக்காரன், அவனிடம் எந்த வார்த்தையால் கேட்பது என்று தெரியவில்லை. அந்த வார்த்தையை அவர் அதுவரை யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை. 

ஆஞ்சப்பன் காத்திருந்தான். கொஞ்ச நேரம் நிஜமாகவே காத்திருந்தான். பிறகு காய்களைப் பையில் போட்டான்.

"நல்ல புத்தகம் சார்" என்றான். "அன்னைக்கு நான் கேட்டேன்."

புத்தகத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் அவன் சனிக்கிழமை வரவில்லை. பட்டறை பக்கத்திலேயே இருந்தது, சுத்தியல் சத்தம் கேட்டது, எழுந்து பத்தடி நடந்தால் போதும். தீர்த்தகிரி இரண்டு தடவை எழுந்தார். ஒரு தடவை பட்டறை வாசல் வரைக்கும் போனார். உள்ளே ஆஞ்சப்பன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான், கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம் என்ன சொல்வது என்று திரும்பி வந்துவிட்டார். பொங்கலுக்கு முந்தின வாரம் சுத்தியல் சத்தம் வேறு மாதிரி கேட்டது. விசாரித்தபோது ஆஞ்சப்பன் கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். நாராயணப்பன்தான் சாமான் ஏற்றிக்கொண்டு போனாராம். ரைட்டர் சாரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரியில் கிருஷ்ணகிரி லாரியில் ஒரு சின்னப் பார்சல் வந்தது. வாங்க வேண்டியவர் பெயரில் தீர்த்தகிரி, புக்கிங் ரைட்டர், ஓசூர் என்று எழுத்துக் கூட்டி எழுதியிருந்தது. ஆபீஸ் சார்பில் கொடுக்கிறவர் இடத்திலும் அவரே, வாங்குகிறவர் இடத்திலும் அவரே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார், தேதியும் போட்டார். கயிற்றை அவிழ்த்தார்.

புத்தகத்துக்குப் புது அட்டை போட்டிருந்தது. லாரி டியூபை அறுத்து ஓரத்துக்குப் பட்டை ஒட்டி, பிரிந்த தாள்களையெல்லாம் சேர்த்துத் தைத்திருந்தது. கடுதாசி எதுவும் இல்லை. முதல் குறிப்பைப் புரட்டினார். "நடுக்கட்டத்தை விடாதே." அதற்குக் கீழே பென்சிலில் ஒரு டிக், பக்கத்தில் ஒரு தேதி, ஆ. என்று ஒரு எழுத்து. அடுத்த குறிப்பிலும் டிக், தேதி, ஆ. அவர் ஆபீஸில் மேலதிகாரிகள் பார்த்த காகிதத்தில் போடுவதுபோலவே. நூற்று நாற்பத்திரண்டு குறிப்புக்கும் இருந்தது. ஒன்றையும் விடாமல் படித்திருக்கிறான். நாலு வருஷப் பாடத்தை எட்டு வாரத்தில் முடித்திருக்கிறான்.

அந்த ஒரு பக்கத்தில் மட்டும் டிக் இல்லை. ஆ. என்ற எழுத்தும் இல்லை. தீ.கி. 14-3-53 என்பதற்குக் கீழே, அதற்கு நேராக ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டு தேதிகள் மட்டும் எழுதியிருந்தான்.

27-10-56.
18-11-56.

பார்சல் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் எடுத்தார்கள், நடுவில் நம்மிடம் எத்தனை நாள் கிடந்தது என்று கழித்துப் பார்ப்பது தீர்த்தகிரிக்குத் தினசரி வேலை. மனசு வேண்டாம் என்றாலும் கண் கழித்துவிட்டது. அவன் கேட்ட நாளுக்கும் தோற்ற நாளுக்கும் நடுவில் இருபத்திரண்டு நாள். ஓரத்தில் இருந்ததோ நாலே வரி. படித்துக் காட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.